கூடும்

ஒன்பது மணிக்குக் கரண்டு வந்தது. ஒரு மணிக்குப் போய்விடும்.
அதற்குள் முடித்தால் உண்டு என்றேன்.
டோ மருதாயி பழைய கைலியில் சுற்றியிருந்த
மடிக்கணினியை மேசையில் வைத்தார்.
"மெதுவா ஓடுது. என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு."
பேட்டரி செத்துப் பல நாளாயிற்று.

திறந்தால் கேட்காமலே மூன்று சன்னல்கள்.
ஒன்றில் ஒருத்தி எடை குறைக்கச் சொல்கிறாள்.
ஒன்றில் சூதாட்டச் சக்கரம்.
மூன்றாவது
உங்கள் கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள்
என்று சிவப்பாய் அலறுகிறது.
பிழையே அதுதான்.

சோதிக்கும் கருவியை ஓடவிட்டேன்.
கீழே முப்பத்தெட்டாம் தெருவில்
மீன்காரி குரல் வந்து, தேய்ந்து, போயிற்று.
பதினேழு கோப்புகள்.
எதையும் வைரஸ் என்று சொல்லவில்லை.
எல்லாவற்றுக்கும் நேராக ஒரே வாக்கியம்:
வேண்டாததாக இருக்கக்கூடும்.

அந்தக் 'கூடும்' எனக்குப் பழக்கம்.
பழி போட்டுவிட்டுக் கை கழுவும் சொல்.
குடியேற்ற அலுவலகத்தில்
என் அட்டையின் நீலத்தைப் புரட்டிப் பார்த்தவரும்
இதைத்தான் வேறு மாதிரி சொன்னார்:
இந்த நாட்டவராக இருக்கக்கூடும்.

ஒட்டுமொத்தமாய்த் தட்டிவிடுகிறவள் இல்லை நான்.
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
பிடிஎப் மாற்றித் தரும் ஒன்று,
குடிவந்தவன் மச்சானையும் மச்சான் குடும்பத்தையும்
கூட்டி வருவதுபோல
இரண்டு கருவிப்பட்டைகளோடு வந்திருந்தது.
டிரைவரைப் புதுப்பிப்பதாகச் சொல்லி
எதையும் புதுப்பிக்காமல்
ஐம்பது டாலர் கேட்கிற இன்னொன்று.
ஒரு வானிலைப் பட்டை.
ஜோஜி எழுத்துப் பலகை (இதை ஏன் சேர்த்தது?)
அதை விட்டேன். அவர் இன்னும் அதில்தான் தட்டுகிறார்.

நீக்கு என்றால் நீங்கிவிடுவதில்லை.
உள்ளறையில் மறைவாய் ஒரு கோப்புறை.
விழித்ததும் என்னையும் எழுப்பு என்று
எங்கோ ஒரு குறிப்பு.
மேலோடு அறுத்தால் கோரை,
மறுநாள் அதே இடத்தில் நிற்கும்.

நிறுவிய தேதி என்றொரு நிரல் உண்டு.
அதை வரிசைப்படுத்தினால் ஆள் தெரிவான்.
பள்ளிக்கு யே மின், வீட்டுக்கு ஆனைமுத்து.
பரீட்சைக்கு முதல்நாள் அந்தப் பிடிஎப்.
பரீட்சை முடிந்த இரவே
காசு கொடுக்காமல் உடைத்த கார்ப்பந்தயம்.
கோப்பின் நேரம் இரண்டரை.
மழை விடுமுறையில் படம் வெட்டும் ஏதோ ஒன்று.
பிறகு ஒரு பிப்ரவரி.
பிப்ரவரியில் ஒரே ஒரு வரி.
அதற்குக் கீழே வெள்ளை.

கருவி அந்த வரியைத் தொடவேயில்லை.
சுத்தம் என்று பச்சைக் குறி போட்டிருந்தது.
வி.பி.என்.
பாலத்தில் நிற்பவர்கள் கையில் இருப்பது
வேறு பட்டியல்.

"நாளைக்கு இதோட மோல்மேன் பஸ்ஸுல போறேன்," என்றார்.
"தொறந்து காட்டச் சொல்லுவாங்க."
நான் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.
"அதையும் எடுத்துரு."
கொஞ்சம் பொறுத்து,
"வந்தான்னா திரும்பப் போட்டுக்கலாமில்ல?"
போடலாம் என்றேன்.
கூடும் சேர்க்கவில்லை.

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தால் போதாது.
இருந்த இடத்தின்மேல்
வெறும் பூச்சியமாய் எழுதிக்கொண்டே போகவேண்டும்.
இருபது நிமிடம் அவர் அதைப் பார்த்திருந்தார்,
பால் பொங்கக் காத்திருப்பவரைப் போல, ஏதும் பேசாமல்.
இரண்டாயிரம் கியாட் எடுத்து வைத்தார். நான் திருப்பி நகர்த்தினேன்.
அவர் மறுபடி நகர்த்தினார். பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மறுபடி துவக்கினேன்.
சன்னல்கள் இல்லை. சக்கரம் இல்லை.
நாற்பது நொடியில் முகப்பு.
அப்போது மூலையில்,
வேரோடு பிடுங்கியதாய் நான் நினைத்திருந்த
அந்த வானிலைப் பட்டை
ஒரு குட்டி மேகத்தோடு வந்து உட்கார்ந்தது.
யாங்கூன். முப்பத்தொரு டிகிரி.
மாலையில் மழை பெய்யக்கூடும்.

மவுஸை அங்கே கொண்டுபோனேன்.
"அது இருக்கட்டும்," என்றார்.
"குடை எடுத்துட்டுப் போவேன்ல."

கரண்டு போனது.